நோயாளியின் அருகிலேயே ஓர் உயர்வு

(திருப்பூணித்துறையில் செவிலியர் கூடுகையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கொச்சியில் தமிழ் பேசும் செவிலியர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மட்டாஞ்சேரியிலும் இந்தத் திருப்பூணித்துறையிலும் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களின் பிள்ளைகள், மூணாறு எஸ்டேட்டிலிருந்து படிக்க வந்தவர்கள், பாலக்காடு, கோவைப் பக்கத்துப் பெண்கள். உங்களைப் பார்க்கும் இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது. பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் வார்டிலோ ஐசியுவிலோ வேலை பார்த்தாயிற்று. இனி எம்.எஸ்சி. சேர்வதா? நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பதா? ஒரு வருட டிப்ளமோ போதுமா? எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, வெளிநாடு போக ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்துவிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பட்டம் பெரியது என்று பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. எந்த நோயாளியின் எந்த முடிவுக்கு நான் பதில் சொல்லத் தயார் என்பதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த முடிவை எடுக்கும் அதிகாரமும் அதற்கான பதவியும் இந்த நாட்டில் இருக்கிறதா என்பதை மற்றவர்களிடம் கேளுங்கள். இரண்டாவதைக் கேட்காமல் சேர்ந்து, இரண்டு வருடமும் சில லட்சங்களும் செலவழித்து, பழைய வார்டுக்கே பழைய சம்பளத்துக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

நம் நாட்டில் செவிலியரின் உயர்வு எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். நன்றாக வேலை செய்யும் ஸ்டாஃப் நர்ஸை இன்சார்ஜ் சிஸ்டர் ஆக்குகிறோம். அவர் மருந்து இருப்பு, டூட்டி லிஸ்ட், துணிக் கணக்கு என்று போய்விடுகிறார். அடுத்து கண்காணிப்பாளர். அப்போது அவருக்கு அறையும் மேசையும் உண்டு, நோயாளி மட்டும் இல்லை. அதிகம் படித்தால் கல்லூரிக்குப் போய்விடுவார். 1946-இல் தில்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த உயர்கல்வியின் பெரும்பகுதி ஆசிரியர்களையே உருவாக்கியது. கல்லூரிகள் பெருகின, அவற்றுக்கு ஆசிரியர்கள் வேண்டியிருந்தார்கள், அதில் குற்றம் காண முடியாது. ஆனாலும் ஒரு மருத்துவமனையில் மிகத் தேர்ந்த கைகள் நோயாளியிடமிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நிலை இப்படித்தான் வந்தது.

இந்தப் போக்கைத் திருப்பும் முயற்சிதான் உலகம் முழுவதும் உயர்நிலைச் செவிலியம் என்ற பெயரில் நடக்கிறது. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். கிராமப்புறங்களில் குழந்தைகளைப் பார்க்க மருத்துவர் கிடைக்கவில்லை. குழந்தையை முழுமையாகப் பரிசோதித்து, சாதாரண நோய்களைத் தாமே கவனித்து, சந்தேகம் வந்தால் அனுப்பிவைக்கச் செவிலியரைப் பழக்கினார்கள். ஃபோர்டு 2025 ஜனவரியில் தம் 104-ஆவது வயதில் காலமானார். அவர் தொடங்கியபோது பட்டத்தின் பெயர் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை, பார்க்க ஆளில்லாத குழந்தைதான் தெரிந்தது. இந்த வரிசையை நாமும் மறக்கக்கூடாது. முதலில் நோயாளி, பிறகு வேலை, அதற்குப் பிறகே பட்டம்.

இனி நம் ஊர்ப் பாதைகளுக்கு வருவோம்.

இந்திய செவிலியர் மன்றம் 2016-17 வாக்கில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைக் கொண்டுவந்தது. இரண்டு வருடம், முதுகலை நிலை. பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்து, குறைந்தது ஒரு வருடம் நோயாளிகளோடு வேலை செய்திருக்க வேண்டும். மற்ற எம்.எஸ்சி. படிப்புகளிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்று உண்டு. நேரத்தின் பெரும்பகுதி வகுப்பறையில் போகாது, ஐசியுவில் போகும். மருத்துவத்தில் ரெசிடென்சி என்பார்களே, அதே முறை.

ஐசியுவில் இரவு மூன்று மணியை நீங்கள் அறிவீர்கள். கட்டிலில் இருப்பவரின் மூச்சு எண்ணிக்கை மெல்ல ஏறுகிறது. சிறுநீர் பையில் ஒரு மணி நேரத்துக்கு முப்பது மில்லிக்கும் குறைவாக விழுகிறது. ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை, ஆனால் இறங்கப்போகிறது என்று உங்கள் உடம்புக்கே தெரிகிறது. இன்று நீங்கள் செய்யக்கூடியது ஃபோன் செய்வது, எடுக்கும் வரை காத்திருப்பது, கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பது. நர்ஸ் பிராக்டிஷனராகப் பழகியவர் அந்த நோயாளியைத் தலை முதல் கால் வரை பரிசோதிப்பார். ரத்த வாயு அறிக்கையைப் படிப்பார். மருத்துவமனை ஒப்புக்கொண்ட வரைமுறைக்குள் வென்டிலேட்டர் அமைப்பை மாற்றுவார், திரவம் தொடங்குவார், பிறகு மருத்துவரை அழைத்து, 'இதைப் பார்த்தேன், இதைச் செய்தேன், இனி இது வேண்டும்' என்பார். ஃபோனில் பேசும் அந்தக் குரலில்தான் இரண்டு வருடப் படிப்பின் பலன் தெரியும்.

இது கவர்ச்சியான பாதை, எனக்கும் பிடித்தது. ஆனால் இதன் குறையை மறைத்துப் பேசினால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவளாவேன். இந்த நாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர் தம் பெயரில் மருந்துச் சீட்டு எழுத முடியாது. அவர் செய்வதெல்லாம் அந்தந்த மருத்துவமனை வகுத்த வரைமுறையின் கீழ்தான். வரைமுறை எழுதி, கையெழுத்திட்டு, அவருக்கென்று ஒரு பதவியும் சம்பள நிலையும் வைத்திருக்கும் மருத்துவமனையில் அவர் புதிய செவிலியர். அப்படி எதுவும் இல்லாத மருத்துவமனையில் அவர் ஐசியுவின் இன்னொரு ஸ்டாஃப் நர்ஸ். படிப்பு வந்த வேகத்தில் பதவிகள் வரவில்லை; மருத்துவர் அல்லாதவருக்கு அதிகாரம் தருவதில் எதிர்ப்பும் இருந்தது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் தன் 32-ஆம் பிரிவில், சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் தரலாம் என்று எழுதியது. அதை எதிர்த்து மருத்துவர்கள் அந்த ஆண்டு ஜூலையில் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரைகுறைப் பயிற்சி பெற்றவர் கையில் நோயாளியைக் கொடுத்துவிடுவார்களோ என்பது அவர்களின் அச்சம். அது நியாயமான அச்சம். அதற்குச் செவிலியர் தரக்கூடிய ஒரே பதில் அரைகுறை இல்லாத பயிற்சி. 2023-இல் வந்த தேசிய செவிலிய, மருத்துவச்சி ஆணையச் சட்டம் பழைய 1947 சட்டத்தின் இடத்தைப் பிடிக்க வந்தது. உயர்நிலைச் செவிலியரின் எல்லையைத் தெளிவாக எழுதவேண்டிய இடம் இனி அந்த ஆணையம்தான்.

அடுத்தது பிரசவ அறை. இங்கே எனக்கு நடுநிலை கிடையாது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு இது. இந்தியாவில் நடக்கும் பிரசவங்களில் அறுவை சிகிச்சை 21.5 சதவீதம். கேரளத்தில் 38.9. தமிழ்நாட்டில் 44.9. தெலங்கானாவில் 60.7. அறுவை சிகிச்சை எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் பத்துப் பெண்களில் நான்கு பேர், ஆறு பேர் வயிற்றைக் கிழித்துத்தான் பெற முடியும் என்று எந்த உடற்கூறும் சொல்லவில்லை. அவசரம், பயம், ஆள் பற்றாக்குறை, கணக்குப் பார்ப்பது என்று காரணங்கள் பல. வலி தொடங்கிய பெண்ணின் பக்கத்திலேயே பொறுமையாக இருக்க ஒருவர் இல்லாததும் அவற்றில் ஒன்று.

2017-இல் தெலங்கானா அரசு, ஹைதராபாதின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையோடும் யூனிசெஃபோடும் சேர்ந்து, அரசுச் செவிலியரைப் பதினெட்டு மாதம் முழு மருத்துவச்சிகளாகப் பழக்கத் தொடங்கியது. 2018 டிசம்பரில் மத்திய அரசு மருத்துவச்சிப் பணிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்து, பிரசவம் பார்த்த அனுபவம் உள்ளவருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி. பெயர், மருத்துவச்சிப் பணிக்கான நர்ஸ் பிராக்டிஷனர். சிக்கலில்லாத பிரசவத்தைத் தாமே முன்னின்று பார்க்கும் தனிப் பிரிவுகளில் அவர் வேலை செய்வார், சிக்கல் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் ஒப்படைப்பார்.

இந்தப் பாதையில் படிக்கவேண்டியவற்றில் பாதி, செய்யாமல் இருக்கக் கற்றுக்கொள்வது. கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிர நிலை தொடங்குகிறது என்றும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்துத் தலையிடக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. இதைக் கடைப்பிடிக்க ஓர் ஆள் பல மணி நேரம் கூடவே இருக்கவேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பைத் தவறாமல் கேட்க வேண்டும். பெண்ணை நடக்கவிட வேண்டும், விரும்பிய பக்கம் சாயவிட வேண்டும், அவள் அம்மாவையோ அக்காவையோ உள்ளே அனுமதிக்க வேண்டும். லேபர் ரூமில் பெண்களைத் திட்டுவது நம் மருத்துவமனைகளில் எவ்வளவு சகஜம் என்று இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதைப் பொறுக்க முடியாமல் மனம் கொதித்தவர்கள் உங்களில் இருந்தால், உங்கள் இடம் இதுதான். எல்லாவற்றையும் உடனே முடித்துவிட வேண்டும் என்று கை துடிப்பவர்கள் ஐசியுவுக்குப் போகலாம். அவர்களும் தேவைதான்.

கேரளம் இன்னொரு பாதையையும் வைத்திருக்கிறது. ஆர்த்ரம் என்ற மாநில சுகாதாரத் திட்டம் 2017-இல் தொடங்கிய பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாறின. துணை மையங்கள் ஜனகீய ஆரோக்கிய கேந்திரங்கள் ஆயின. 5,400-க்கு மேற்பட்ட துணை மையங்கள் உள்ள மாநிலம் இது. அங்கே எம்.எல்.எஸ்.பி. நர்ஸ் என்று மக்கள் அழைக்கும் செவிலியர் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார், வரைமுறைப்படி மருந்து கொடுக்கிறார், தேவையானால் கணினி வழியே மருத்துவரிடம் காட்டுகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இதே திசையில் போகிறது. ஓர் ஊரையே ஐந்து வருடம் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு மருத்துவமனையில் கிடைக்காது. பெரும்பாலான இடங்கள் ஒப்பந்த வேலை என்பதே இதன் பெரிய பலவீனம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று ஒவ்வொரு மார்ச்சிலும் பயப்படும் ஒருவரிடம் ஊரின் ஆரோக்கியத்தை ஒப்படைப்பது அநியாயம்.

மனநலச் செவிலியம், புற்றுநோய், பச்சிளங்குழந்தைப் பிரிவு, டயாலிசிஸ் இவற்றுக்கெல்லாம் ஒரு வருட டிப்ளமோக்களோ எம்.எஸ்சி. பிரிவுகளோ உண்டு. ஏற்கெனவே அந்த வார்டில் இருப்பவர்கள் தயங்காமல் படிக்கலாம். பெங்களூரின் நிம்ஹான்ஸ் 1950-களிலிருந்தே மனநலச் செவிலியரைப் பயிற்றுவிக்கிறது. மற்றவற்றை நீங்களே விசாரித்துக்கொள்வீர்கள்.

நான் நீண்ட நேரம் பேச விரும்புவது பேலியேட்டிவ் கேர் எனும் வலி, ஆதரவுச் சிகிச்சையைப் பற்றி. ஏனென்றால் உலகம் கேரளத்திடம் வந்து கற்றுக்கொள்வது இதைத்தான், இங்கேயே வாழும் நம் பிள்ளைகளோ இதை உயர்கல்வியாக எண்ணுவதில்லை.

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் மற்றும் சிலரும் வலி, ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றியவர்கள் வலியில் கதறிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட காலம். மோர்ஃபின் மாத்திரை மலிவானது, ஆனால் சட்டம் அதைக் கிடைக்கவிடவில்லை. பிறகு வேலை ஊர்களுக்குப் பரவியது. பக்கத்து வீட்டுக்காரர்களே தொண்டர்களானார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கை அறிவித்தது, இந்தியாவில் எந்த மாநிலமும் அதுவரை செய்யாதது. நோயாளிகளின் வீடுகளுக்குப் போக உள்ளாட்சிகள் வண்டி கொடுத்தன, செவிலியரை நியமித்தன. போதைப்பொருள் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தி மோர்ஃபினுக்கு வழிவிட்டது 2014-இல்.

இந்த வண்டியில் போகும் செவிலியரின் அடிப்படைப் பயிற்சி மூன்று மாதச் சான்றிதழ்தான். ஆனால் அவர் செய்வதைப் பாருங்கள். மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன வீட்டுக்கு அப்படி ஒரு குழுவோடு நானும் போயிருந்தேன். தமிழ் பேசும் வயதான அம்மா, மார்பில் புண்ணாக வெடித்த புற்றுநோய். நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, கடைசிக் காலம் வந்துவிட்டது என்று மகள் அழுதாள். செவிலியர் அவசரப்படவில்லை. 'பாட்டியம்மா, வெளிக்கு எப்ப போனீங்க?' என்று கேட்டார். ஆறு நாள் ஆகியிருந்தது. மோர்ஃபினோடு தரவேண்டிய மலமிளக்கி மாத்திரை தீர்ந்துபோய், அது முக்கியமில்லை என்று வீட்டார் வாங்காமல் விட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்தார். புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினார். இனி எப்படிச் செய்வதென்று மகளுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். வெளியே வந்து மருத்துவருக்கு ஃபோனில் மாலை மாத்திரை அளவைப் பற்றிச் சொல்லி ஒப்புதல் வாங்கினார். அடுத்த வாரம் அந்தப் பாட்டி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், பேரன் அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

பரிசோதித்தல், காரணம் கண்டுபிடித்தல், சிகிச்சையை மாற்றுதல், குடும்பத்தைப் பழக்குதல், எங்கே தன் எல்லை முடிகிறது என்று அறிந்து மருத்துவரைக் கேட்டல். சர்வதேசச் செவிலியர் மன்றம் 2020-இல் உயர்நிலைச் செவிலியத்துக்குச் சொன்ன இலக்கணத்தில் இவையெல்லாம் இருக்கின்றன. அந்த இலக்கணம் கேட்கும் முதுகலைப் பட்டம் மட்டும் இவரிடம் இல்லை. அதனால் அதற்கேற்ற சம்பளமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே கேரள மக்களில் 12.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், நாடு முழுவதும் அது 8.6. பிள்ளைகள் துபாயிலும் லண்டனிலும் இருக்க, வீட்டில் படுத்திருக்கும் பெற்றோரின் மாநிலம் இது. இங்கே ஆதரவுச் சிகிச்சைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் முழுமையான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு ஒன்று தொடங்கவேண்டும். கோழிக்கோடும் திருவனந்தபுரமும் பயிற்சியில் உலகப் பெயர் பெற்றிருக்கின்றன. ஆசிரியர் இருக்கிறார், நோயாளி இருக்கிறார், வண்டி இருக்கிறது. பட்டமும் பதவியும்தான் பாக்கி.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போவதில் தவறில்லை, கடன் அடைய வேண்டும். ஆனால் இங்கே வாங்கிய எம்.எஸ்சி.யோ பிராக்டிஷனர் பட்டமோ அங்கே அப்படியே செல்லும் என்று எண்ணாதீர்கள். பிரிட்டனில் தேர்வு எழுதிப் பதிவானதும் பெரும்பாலும் ஐந்தாம் நிலைச் செவிலியராகத்தான் தொடங்குவீர்கள். அங்கே 2006 முதல் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் தாமே மருந்து எழுதலாம், அந்த இடத்துக்கு அங்கேயே படித்து ஏறவேண்டும். அமெரிக்காவில் பிராக்டிஷனர் ஆக அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். ஆகவே வெளிநாடுதான் இலக்கு என்றால் இங்கே இரண்டு வருடத்தை விலையுயர்ந்த பட்டத்தில் போடாமல், ஐசியுவிலோ அவசரப் பிரிவிலோ நல்ல அனுபவத்திலும் மொழியிலும் போடுங்கள். இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கே உயர்நிலைப் படிப்பு உடனடியாகப் பயன்பட வேண்டும், அவர்களுக்கே அது இன்று குறைவாகப் பயன்படுகிறது. 2018-இல் கேரளத்துச் செவிலியர் தெருவில் இறங்கிப் போராடி, குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 20,000 ரூபாய் என்று அரசாணை வாங்கினார்கள். அது முதல் படி. தேர்ச்சிக்கு ஏற்ற ஊதியம் என்ற அடுத்த படியை யாரும் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

செவிலியர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் நர்ஸ் பிராக்டிஷனருக்கான தனிப் பதவி, தனி ஊதிய நிலை, எழுதிய வரைமுறை மூன்றையும் வையுங்கள். மருத்துவமனை நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் ஐசியுவிலும் பிரசவ அறையிலும் ஓரிரண்டு இடங்களையாவது இவர்களுக்கென்று ஒதுக்கித் தொடங்குங்கள். பெற்றோரே, மகளிடம் எந்தப் படிப்புக்கு மதிப்பு என்று கேட்காமல், எந்த வார்டில் வேலை செய்யும்போது வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றியே பேசுகிறாள் என்று கவனியுங்கள். பாதை அநேகமாக அங்கேதான் இருக்கும்.

தங்கைகளே, தம்பிகளே, சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு இந்திய செவிலியர் மன்றத்தின் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு உண்டா என்று பாருங்கள். பயிற்சி தரும் ஐசியுவுக்கோ பிரசவ அறைக்கோ ஒரு நாள் நேரில் போய், உங்களுக்குக் கற்றுத்தரப்போகும் செவிலியர் யார், மருத்துவர் யார் என்று பெயர் கேளுங்கள். முந்தைய ஆண்டு முடித்தவர்களில் இரண்டு பேரிடம் பேசி, இப்போது என்ன பதவியில், என்ன சம்பளத்தில், என்னென்ன முடிவுகளைத் தாமே எடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.